வெயிலில் எரிந்த டியூப் லைட்

எங்கள் அக்கா புருஷன் வானொலிக் கோபுரம் ஏறுகிறவர். பார்ப்பது ஊரிலேயே உயரமான வேலை, ஆள் உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் அடுத்த தெருவில் போய் நிற்பார். உயரம் மட்டும் அவரை ஒன்றும் செய்யாது. பயமெல்லாம் கோபுரத்து இரும்பில் ஓடுகிற, கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரத்தின்மேல்தான். தரையில் நின்றபடி தொட்டால் கரிதான். அவருக்கு முன் ஏறியவருக்கு இரண்டு விரல் இல்லை.

நிலையத்து இன்ஜினியர் ஒருமுறை சொன்னார்: "வானொலி அலையும் வெளிச்சமும் ஒரே இனந்தாங்க. வெளிச்சம் ரொம்பக் குட்டை அலை, கண்ணுல சிக்கும். இது நெட்டை, சிக்காது."

அன்றோடு மாமாவுக்குத் தூக்கம் போனது. "கூடப் பொறந்தவங்க மாப்ளே. அண்ணன் வாசல் வழியா வருவான். தம்பி வந்தது, கை வெந்தாத்தான் தெரியும்."

அதனால் துணைக்கு ஒரு பழைய டியூப் லைட் கொண்டுவருவார். கோபுரத்தில் அலை ஓடினால், பக்கத்தில் நீட்டியதும் ஒயரே இல்லாமல் எரியும். எரியாவிட்டால்தான் ஏணியில் கை வைப்பார். எப்போதும் ஒலிபரப்பு தொடங்கும் முன், விடியாத இருட்டில்தான் வேலை.

அன்றைக்கு உச்சியிலிருந்த சிவப்பு விளக்கு அவிந்துவிட்டது. விமானம் வரும், பொழுது சாய்வதற்குள் மாற்றியாக வேண்டும். மொட்டை வெயிலில் மாமாவும், கையாளாக நானும் போனோம்.

"ஆஃப் பண்ணியாச்சுண்ணே, ஏறுங்க" என்றார் ஆபரேட்டர், போனில்.

மாமா டியூபை நீட்டினார். எரியவில்லை. ஏணிப் பக்கம் போன கை பாதியில் நின்றது.

"மாப்ளே, இந்த வெயில்ல டார்ச் அடிச்சாத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அப்ப இது மட்டும்?"

கயிற்றை மூடியிருந்த தார்ப்பாயை மாமா இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, டியூபோடு உள்ளே உட்கார்ந்தார். பிறகு, "எரியுது" என்றார்.

ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சோகை பிடித்த வெள்ளை வெளிச்சம். அவர் கை நடுங்க, அதுவும் நடுங்கியது.

போனில் சொன்னதும் ஆபரேட்டரின் குரல் எறும்பளவு ஆனது. "பக்கத்துக் கோபுரத்த அணைச்சிட்டேண்ணே."

இந்த முறை சரியாக அணைத்தார். டியூபும் அவிந்தது. மாமா வெளியே வரவில்லை.

"அதான் அவிஞ்சிடுச்சே, வாங்க."

"இருடா, பாத்துக்கிட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரம் பாப்பீங்க?"

"கை என் பேச்சக் கேக்குற வரைக்கும்."

ஒருவழியாகக் கேட்டது போலும், ஏறினார். உச்சி வரைக்கும் ஏணி கடகடவென்று ஆடியது. காற்றே இல்லை.