குளிருக்குக் குடிக்கும் கார்

நின்றால் என் கார் ஒரு சொட்டும் குடிக்காது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அது பொய்யில்லை. எங்கள் வாவிக்கரை வெயிலில் ஹைபிரிட் கார் அப்படித்தான் நடந்துகொள்ளும். ரயில் கடவையில் நிறுத்தினால் என்ஜின் தானாக அடங்கும். மெல்ல உருட்டினால் பற்றரியிலேயே போகும். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று திரையில் வரும் எண்ணைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. கணவர் பாசிக்குடா ஹோட்டலில் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், சோற்றுக்கு முன்னால் அன்றைய எண்ணைத்தான் பரிமாறுவேன்.

அந்தக் காரை வாங்கத்தான் என் சீதன மாடுகளை விற்றேன். கலியாணத்துக்குத் தந்த மாடுகள். அண்ணனுடைய பட்டியில், அவருடைய மாடுகளோடு சேர்ந்து மேய்ந்தவை. விற்க எனக்கு உரிமை இருந்தது, விற்றேன், இன்றைக்கும் அதில் வருத்தமில்லை. அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. “பால் தாறத வித்துப்போட்டு பெற்றோல் குடிக்கிறத வாங்கியிருக்காள்” என்று சந்தியில் நின்று சொன்னார். அதற்குப் பதிலாகத்தான் அந்த ‘ஒரு சொட்டும் குடிக்காது’ கதையை அவர் காதில் விழும்படி நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரிய சண்டை ஒன்றுமில்லை. போகிற போக்கில் இரண்டு பேரும் குத்திக்கொள்வோம்.

பெற்றோலுக்குப் போனில் கியூஆர் குறியீடு காட்டி, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து வாங்கிய காலம் அது. அந்த மார்கழியில் ஒரு குளிர் வந்தது. மழையும் வாடைக்காற்றும் எங்களுக்குப் புதிதில்லை. பல் கிட்டும் குளிர் புதிது. ஆட்கள் நுவரெலியாவுக்குப் போக வாங்கி வைத்த சுவெற்றர்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்கள். இரண்டொரு நாளில் என் காரும் குணம் மாறியது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினாலும் என்ஜின் அடங்காமல் உறுமிக்கொண்டே நின்றது. திரையில் என் அருமை எண் இறங்கிக்கொண்டே போனது.

பழுது என்று நினைத்து, ஓட்டமாவடியில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன்.

“டீச்சர், கார்ல ஒரு பிழையும் இல்ல. இந்தக் குளிருக்கு என்ஜின் சூடாகச் சுணங்குது. சூடாகாம பற்றரிக்கு மாறாது. நீங்க ஓடுற கிட்ட ஓட்டத்துக்கு அது சூடாக முன்னமே நிப்பாட்டிருறீங்க” என்றார். பிறகு, “ஹீற்றர மட்டும் போட்டுராதீங்க. அந்தச் சூடு என்ஜின்லருந்துதான் வாறது. போட்டா நிண்ட இடத்துலயும் ஓடும்” என்றும் சொன்னார்.

நான் சிரித்தேன். எங்கள் ஊரில் ஹீற்றர் போடும் பைத்தியம் யார்? காரின் சூடு குளிர்க் குமிழை நீலப் பக்கத்துக்கு அப்பால் நான் திருப்பியதே இல்லை.

சிரித்து முடித்துத் திரையைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. பெற்றோல் தாங்கியில் இரண்டு கோடுதான் மிச்சம். அந்த வாரத்துப் பங்கு முடிந்துவிட்டது. அடுத்தது கிடைக்க இன்னும் சில நாள் போக வேண்டும். என் மகளுக்கு ஏழு வயது, மூச்சு முட்டு வருத்தக்காரி. குளிர் பட்டால் நெஞ்சு இழுக்கத் தொடங்கும். அவளைப் பார்க்கும் டாக்டர் வாழைச்சேனை ஆஸ்பத்திரியில். அந்த இரண்டு கோடும் அவளுக்கு என்று ஒதுக்கி, கார்த் திறப்பைச் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை, காற்று ஓயவில்லை. அண்ணன் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு தோளிலும் சாக்கில் சுற்றிய இரண்டு கன்றுகள். கால்கள் தொங்கிக் கிடந்தன. மாடுகள் மேய்ச்சல் தரையில் தண்ணீருக்குள் நின்றபடியே விழுகின்றன என்று முதல்நாளே கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு மோசம் என்று நினைக்கவில்லை.

“தாய் ரெண்டும் போயிட்டு,” என்றார். “நெருப்பு மூட்டிப் பாத்த, விறகு பிடிக்குதில்ல. கார் கதவத் திற தங்கச்சி. உள்ளுக்கு வச்சுச் சூடு காட்டுவம்.”

“அண்ணன், ஹீற்றர் போட்டா பெற்றோல் குடிக்கும். புள்ளைக்கு எண்டு வச்சிருக்கன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நேத்து வரைக்கும் நிண்டா ஒரு சொட்டும் குடிக்காத கார், என்ட கண்டுக்கு மட்டும் குடிக்குதா?”

“குளிருக்குக் குடிக்கும் அண்ணன். மெக்கானிக்கும் சொன்னவர்.”

“மாடு வித்து வாங்கின காருக்குள்ள மாட்டுக்கு இடமில்ல எண்டு நேரே சொல்லு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. ஆனால் அந்த நம்பாமையை நான்தான் ஊர் முழுக்கச் சொல்லி வளர்த்தேன் என்பதும் தெரிந்தது. சின்னக் கன்று ஒருமுறை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. நான் திறப்பை எடுத்து வந்தேன்.

பின் ஆசனத்தில் ஒன்று, கீழே காலடியில் ஒன்று. குமிழைச் சிவப்பு முடியும் வரை திருப்பினேன். முதலில் தூசி மணம், பிறகு ஈரச் சாக்கு மணம், பிறகு மெல்ல மெல்லச் சூடு. அண்ணன் பின்னால் குந்தியிருந்து கன்றுகளின் நெஞ்சை வைக்கோலால் உரசிக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடியது, கொஞ்சம் அடங்கும், சூடு குறைய முன் மறுபடி பிடிக்கும். அது பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நான் கோட்டைப் பார்த்தேன். இரண்டு கோடு ஒரு கோடானபோது நான் முன் ஆசனத்தில் இருந்தேன். “பாருங்க” என்று விரலால் காட்டினேன். அவர் நிமிரவில்லை. “காது சூடாகுது” என்றார்.

உண்மைதான். பெரியது தலையைத் தூக்கப் பார்த்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நானே குமிழைத் திருப்பி நிறுத்தாமல் இருந்தேன்.

மத்தியானம் மகள் கதவடியில் வந்து நின்றாள். போர்வை தோளில். தோள் இரண்டும் ஏறி இறங்கின. “அம்மா, இழுக்குது” என்று சொல்ல அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அவள் வாயில் மருந்துப் பம்ப் அடித்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன், தூரத்தில் நிற்கிறது, வரச் சுணங்கும் என்றார்கள். பக்கத்து வீட்டு ஓட்டோவில் பெற்றோல் இல்லை. திரையில் அந்த ஒற்றைக் கோடும் மினுங்கத் தொடங்கியிருந்தது.

அண்ணன் மகளைப் பார்த்தார், மினுங்கும் கோட்டைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து, இரண்டு கன்றுகளையும் தூக்கி வெளியே சீமெந்தில் கிடத்தினார். சாக்கையும் வைக்கோலையும் வழித்தெடுத்தார்.

“கண்ணாடியக் கொஞ்சம் இறக்கிப்போட்டு ஓடு. மாட்டு மயிர் புள்ளைக்குக் கூடாது. போ” என்றார்.

காரைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் அவரைக் கண்டேன். சட்டையைக் கழற்றிச் சின்னக் கன்றுக்குப் போர்த்திக்கொண்டிருந்தார்.

பாதைக்கு வந்ததும் ஹீற்றரை நிறுத்தினேன், குளிர் புகாமல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். மகளை என் சுவெற்றருக்குள் சுருட்டி முன்னால் இருத்தியிருந்தேன். முன்கண்ணாடியில் மூச்சு ஆவி படிந்து புகார் பிடித்தது. அதைப் போக்க ஏசி போட வேண்டும், அதுவும் பெற்றோல் இழுக்கும். போடவில்லை. ஒரு கையால் ஓட்டினேன், மறுகையால் துணி வைத்துத் துடைத்தேன். பாலத்தில் காற்று காரைப் பக்கமாகத் தள்ளியது. மகள் பேசவில்லை. அவளுடைய இழுப்புச் சத்தம் கேட்கும்வரை பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கேட்காத இடைவெளியில் எல்லாம் “மகள்” என்று கூப்பிட்டேன். அவள் விரலை மட்டும் அசைத்தாள்.

அப்போதுதான் என்ஜின் அடங்கியது. பெற்றோல் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் கார் போய்க்கொண்டிருந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. காலையிலிருந்து கன்றுகளுக்காக ஓடிச் சூடேறிய என்ஜின். அதனால்தான் அந்தக் குளிரிலும் கார் பற்றரிக்கு மாறியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் மிச்சம் பிடித்ததைவிடக் காலையில் எரித்ததுதான் கூட. அந்த நேரம் கணக்குப் பார்க்க எனக்குத் தலை இருக்கவில்லை. மிதியை மெல்ல அழுத்தி, ஏற்றத்தில் மட்டும் என்ஜினைப் பிடிக்க விட்டு, உருட்டி உருட்டிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும் வரை அந்தக் கோடு மினுங்கிக்கொண்டே வந்தது.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். பின்னேரம் அவள் நெஞ்சு இழுப்பு இறங்கியது. ஒரு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். கணவர் வேலையிலிருந்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார், இரவு முழுக்கக் கூட இருந்தார். அண்ணனிடம் போன் இல்லை. அவருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று யோசித்தே விடிந்தது.

காலையில் அவரே வந்தார், பால் ஏற்றும் லொறியில். யாரோ தந்த பெரிய சட்டை, கையில் ஒரு துணிப்பை. கட்டிலடிக்கு வந்து மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமா, கண்டுகள் எப்படி?” என்று கேட்டாள் அவள்.

“நல்லா இரிக்குதுகள் மகளே. பால் குடிச்சிட்டுப் படுத்துக் கிடக்குதுகள்.”

அவள் சிரித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அவருடைய முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது. மண்வெட்டி பிடித்த கை. நான் அவரை வெளி விறாந்தைக்குக் கூட்டிப்போனேன்.

“ரெண்டுமா?”

தலையாட்டினார். “நீ போய்க் கொஞ்சத்தில சின்னது. மத்தது ராத்திரி. பட்டியிலயும் நாலைஞ்சுதான் நிக்குது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்றுகளுக்காகச் சூடான என்ஜின்தான் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அது அவருக்கு எந்த ஆறுதலும் தந்ததாகத் தெரியவில்லை. துணிப்பையைத் திறந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். நிறைய பெற்றோல்.

“தண்ணி இறைக்கிற மெசினுக்குள்ள கிடந்த. நீ போனாப் பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்த.”

இந்தப் போத்தல் நேற்றே வந்திருந்தால் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. நான் போத்தலைத் தூக்கிப் பார்த்து, “இது போதும் அண்ணன். ஹீற்றர் போடாம ஓடினா வீட்டுக்குப் போயிரலாம்” என்றேன்.

“போட்டுட்டே போ,” என்றார். “புள்ளைக்குக் குளிரும்.”