டெக்கர் வீட்டு இலைகள்

டோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியாயிற்று, தனிக்கட்டை, யாரோடும் வம்பு கிடையாது. நவம்பர் வந்தால் மட்டும் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்பது எங்கள் தெருவின் முடிவு. மிச்சிகனில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்த பிறகு சாயங்காலமே இருட்டிவிடும். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கேமராவோடு கிளம்பிவிடுவாள்.

அவள் எடுப்பதெல்லாம் ஒரே மாதிரிப் படம்தான். நனைந்த தெரு, ஆரஞ்சு நிற விளக்கு, ஹாலோவீன் பண்டிகைக்கு வைத்துப் படியில் அழுகிக் கிடக்கும் பூசணிக்காய், தூரத்தில் ஒரு ஜன்னல் வெளிச்சம். ஆள் யாரும் தெரியக் கூடாது. அதை இணையத்தில் போட்டால், 'சின்ன வயசு ஞாபகம் வருது' என்று ஊர் உலகமெல்லாம் உருகும். அதில் பாதிப் பேர் இலை உதிர்கிற மரத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் தினமும் பார்ப்பேன்.

அந்த வருடம் அவளுக்குப் பிடித்துப்போனது என் எதிர்வீடு. வெர்ன் டெக்கர் அங்கே தனியாக இருக்கிறார், எண்பது வயது. வாசல் முழுக்க மேப்பிள் இலை குவிந்து கிடந்தது. எங்கள் தெருவில் நவம்பர் தொடக்கத்திலேயே இலையை வாரி மூட்டை கட்டாதவனை மனிதனாக மதிக்க மாட்டோம். அதில் எங்களுக்கெல்லாம் வாத்தியார் வெர்ன்தான். அவரே வாரவில்லையே என்று முணுமுணுத்தோமே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. டோரீனுக்கோ படம் அழகாக வந்தது.

ஒரு நாள் படத்துக்குக் கீழே இப்படி வந்திருந்தது: "இது எங்கப்பா வீடு. இலையை இப்படி விடவே மாட்டார். நாங்க பேசிப் பல வருஷமாச்சு, நான் கூப்பிட்டா எடுக்க மாட்டார். உயிரோட இருக்காரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. கார்லா."

டோரீன் என் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"நீங்களும் வாங்க. மூணு வாரமா அந்த வாசல்ல நின்னு படம் எடுக்கிறேன். ஒரு தடவைகூட உள்ள எட்டிப் பார்க்கலை."

இலையைக் காலால் ஒதுக்கிக்கொண்டு போனோம். தட்டினோம். சத்தமில்லை. மறுபடி தட்டியபோது உள்ளே ஊன்றுகோல் தரையில் இழுபட்டது.

"என்னம்மா, இன்னைக்குக் கேமரா இல்லையா?" என்றபடி வெர்ன் கதவைத் திறந்தார்.

"நல்லா இருக்கீங்களா, டெக்கர் சார்?"

"இடுப்பு போச்சு. மத்தபடி உசிரு இருக்கு. எதுக்கு ரெண்டு பேரு, பொணம் தூக்கவா?"

டோரீன் போனை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இலை வாரலைன்னா கவலைப்படறா?"

"ஆமா சார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சுவரில் சாய்ந்திருந்த, இலை வாரும் கோலை எடுத்தேன். "காலையில நாங்க வாரிடறோம், வெர்ன்."

"அதைக் கீழ வை. வாரிட்டா, கிழவன் நல்லா இருக்கான்னு அவ நிம்மதியா இருந்துடுவா."

"அப்ப அவங்களுக்கு என்னன்னு எழுதட்டும்?" என்றாள் டோரீன்.

"இலை இன்னும் அப்படியேதான் கிடக்குன்னு எழுது."

டோரீன் அங்கேயே நின்று எழுதினாள். குளிர் வீட்டுக்குள் புகுந்துகொண்டிருந்தது. பதில் வரும்வரை வெர்ன் கதவைச் சாத்தவில்லை.