ஆளுக்கொரு பொட்டு

என் வீட்டுக்காரர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கமிட்டித் தலைவர். கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர் மேளம் என்பதிலிருந்து லயத்து வீடுகளின் சாக்கடைக் கானை யார் துப்புரவாக்குவது என்பது வரை, அவர் கை தூக்கச் சொல்லாமல் எதுவும் நடக்காது. வீட்டுக்குள் அந்தக் கதை செல்லாது என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட மனிதரிடம், மகளின் படத்துக்கு ஆட்கள் பொட்டு ஒட்டவேண்டும், அதிகப் பொட்டு விழுந்த படந்தான் ஜெயிக்கும் என்று சொன்னால் சும்மா இருப்பாரா? சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். மாத்தளை டவுன் ஓரத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒரு கொக்கோக் களஞ்சியத்தைச் சிறுவர் நூதனசாலையாக மாற்றியிருந்தார்கள். பழைய பானையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற நூதனசாலை இல்லை. பிள்ளைகள் தொட்டு, திருகி, ஏறி, இறங்கி விளையாடுகிற இடம். அதன் மேல்மாடியில் மாவட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்சிக்கு வைப்பதாக ஏற்பாடு. வருகிறவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுப்பார்கள், வட்டமாக, பொட்டு அளவில். பிடித்த படத்துக்குக் கீழே அதை ஒட்டவேண்டும். எதற்கு அதிகப் பொட்டோ, அதை வரைந்த பிள்ளையே அந்தப் படத்தைக் கட்டடத்தின் ரோட்டுப் பக்கச் சுவரில் பெரிதாக வரையலாம். பெயின்ட், ஏறி நிற்கச் சாரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஆறாம் ஆண்டு படிக்கும் எங்கள் மகளுக்கு அந்தச் சுவர் வேண்டும். படத்தைக் கொடுக்க ஆசிரியையோடு போன அன்று அதைப் பார்த்துவிட்டு வந்தவள், சோறு தின்னும்போதும் சுவர், தலை பின்னும்போதும் சுவர் என்று அதே பேச்சாக இருந்தாள். லொறி அளவு இருக்குமாம். பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் தெரியுமாம். சாரத்தில் நிற்கும்போது எந்தக் கையில் பிரஷ், எந்தக் கையால் கம்பு என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். கிடைக்காவிட்டால் இவள் என்ன ஆவாள் என்ற பயம் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

அவள் வரைந்திருந்தது எங்கள் லயத்துப் பீலியை. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டுகிற இடம். காலையில் லயத்துச் சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். குளிக்கிறவர்கள், குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள், சண்டை பிடிக்கிறவர்கள். அத்தனை பேரையும் அடையாளம் தெரிகிற மாதிரி போட்டிருந்தாள். என் நாத்தனார் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். நான் இடுப்பில் குடத்தோடு எல்லாரையும் முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். நான் அப்படியா இருக்கிறேன் என்று கேட்டதற்கு, அப்படித்தான் என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

சனிக்கிழமை பின்னேரம் கோயிலடியில் தலைவர் கூட்டம் போட்டார். நானும் போய் நின்றேன். மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நமது தோட்டத்துப் பிள்ளை, நமது தோட்டத்து மானம் என்று ஆரம்பித்துச் சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"மேல் மாடிக்குப் போனதும் பீலிப் படம் எதுன்னு ஒங்களுக்கே தெரியும். எல்லாரும் அதுலதான் ஒட்டணும். வேற பேச்சே இல்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். எத்தனையோ தேர்தலில் அப்படித் தலையாட்டிப் பழகிய சனம். படத்தைப் பார்க்காமலே பொட்டு எங்கே என்று முடிவாகிவிட்டது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஒரு வேன் நிறையச் சனம் ஒரே படத்தில் ஒட்டினால் சுவர் எங்கே போய்விடும்?

ஞாயிறு காலையில் என் கொழுந்தன் தன்னுடைய வேனைக் கழுவி, பூமாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினான். நூதனசாலைக்குப் போகிறோமா, கதிர்காமத்துக்குப் போகிறோமா என்று கேட்டேன். அவனுக்குக் காதில் விழவில்லை, பாட்டுச் சத்தம் அப்படி. பெண்கள் எல்லாரும் பெட்டியில் கிடந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். இலையில் சுற்றிய ரொட்டியும் கட்டைச் சம்பலும் வேனுக்குள் மணந்தன. பிள்ளைகள் தோட்ட ரோட்டுக் குழிகளுக்குக் குதித்த குதியில் கூரை பிய்ந்துபோகும் என்று நினைத்தேன். மகள் மட்டும் ஜன்னலோரம் வாயைத் திறக்காமல் இருந்தாள். டவுன் நெருங்கியதும் சுவரைக் காட்டினாள். வெள்ளையடித்து, வெறுமையாக, உண்மையாகவே லொறி அளவில் நின்றது. வேனில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள், ஏதோ அது ஏற்கெனவே எங்களுடையது மாதிரி.

வாசலில் சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தது ஒரு சிங்களப் பெண்பிள்ளை, நல்ல சிரித்த முகம். முதலில் வாங்கியது என் நாத்தனார். வாங்கிய கையோடு கண்ணில் ஒற்றி, நெற்றியில் இருந்த குங்குமத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் அப்படியே. மகள் ஓடிப்போய், "ஐயோ அத்தை, இது படத்துல ஒட்டுறது" என்று பிய்த்து எடுத்தாள். வியர்வையில் அதன் பசை போய்விட்டது. வாசலில் நின்ற பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பொட்டு கொடுத்தாள். நாத்தனார் அசரவே இல்லை. வாசலில் வைத்து நீட்டினால் நெற்றிக்குத்தானே, வேறு எதற்கு என்றார்.

உள்ளே போனதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு வேலை தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகிற குழந்தைகளைப் பார்ப்பது. காலையிலிருந்து பின்னேரம் வரை என் வாயில் வருவது "அதைத் தொடாதே, இதில் கை வைக்காதே" ஒன்றுதான். இங்கேயோ சுவருக்குச் சுவர் மூன்று மொழியிலும் "தொட்டுப் பாருங்கள்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் கூட்டத்திலேயே முதலில் நீண்ட கை என்னுடையது. ஒரு சக்கரத்தைத் திருகினேன், எங்கேயோ மேலே மணி அடித்தது. மறுபடியும் திருகினேன். பின்னால் நின்ற பிள்ளைகள் போதும் விடுங்கள் என்று கெஞ்சும் வரை விடவில்லை.

ஒரு அறையின் தரையையும் கூரையையும் கோணலாகக் கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் நின்றால் ஆள் கூரையை முட்டுவார், மறு மூலைக்கு நடந்தால் முழங்கால் உயரத்துக்குச் சுருங்கிப்போவார். தலைவர் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்து காட்டினார். நடக்க நடக்கச் சிறுத்துக்கொண்டே போனார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எத்தனை வருடமாக நான் செய்யப் பார்த்த வேலையை அந்த அறை ஒரு நிமிடத்தில் செய்துவிட்டது.

இன்னொரு பக்கம் கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நீளக் குழாய். இங்கே முணுமுணுத்தால் அங்கே காதுக்குள் கேட்கும். என் நாத்தனார் அதில் வாயை வைத்து, பீலியடியில் காணாமல்போன தன் வாளியை யார் எடுத்தது என்று தனக்குத் தெரியும் என்று சொன்னார். மறு கோடியில் காதை வைத்திருந்தவர் முகம் போன போக்கைப் பார்த்து, வாளி யாரிடம் இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இப்படி அவரவர் ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டிருக்க, தலைவர்தான் வந்த வேலையை ஞாபகப்படுத்தி எல்லாரையும் மேலே ஏற்றினார்.

மேல்மாடியில் பீலிப் படத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. "இந்தா நாம" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், மொத்தச் சனமும் அங்கே மொய்த்துக்கொண்டது. இது நான், அது நீ, என்னை ஏன் இவ்வளவு குண்டாகப் போட்டிருக்கிறாள், உன் கிழிந்த துவாய்கூட இருக்கிறது பார் என்று ஒரே ஆரவாரம். ஒவ்வொருவரும் தன் உருவத்துக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். மற்றப் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர்கூட எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மகள் முகம் சிவந்து, ஒரு காலை மறு காலில் தேய்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

பிறகு சனம் மெல்லக் கலைந்து, மற்றப் படங்களைப் பார்க்கப் போனது. நானும் போனேன். நாவுலயிலிருந்து வெங்காயப் பாத்தி, கலேவெலயிலிருந்து சந்தை, எங்களைப் போன்ற தோட்டங்களிலிருந்து இரண்டு மலைக்கு நடுவே சூரியன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. மூலை திரும்பியதும் கால் நின்றுவிட்டது.

லக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்றின் படம். தாள் முழுக்க அடுப்புக்கரியால் பூசிய இருட்டு, ஒரு வீட்டின் உட்புறம். நடுவில் சுவரில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள் மட்டும் வர்ணம். நிலா, வயல், நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு யானையின் பின்புறம், அதன் சின்ன வால். இருட்டுக்குள் கட்டிலில் தாய், தகப்பன், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு. அதில் கடைக்குட்டி மட்டும் ஓட்டை வழியாக யானையை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பயமும் வந்தது, அந்தக் குட்டியோடு சேர்ந்து சிரிக்கவும் வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வரைந்த பிள்ளை வரவில்லையா என்று மேலே வந்திருந்த அந்த வாசல் பெண்ணிடம் சிங்களத்தில் கேட்டேன். அங்கிருந்து பஸ் கிடைப்பது பெரும்பாடு, படத்தை மட்டும் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள் என்றாள்.

என் விரல் நுனியில் பொட்டு இருந்தது. திரும்பிப் பீலிப் படத்தைப் பார்த்தேன். அதன் கீழே மூலையில் ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு, அளவெடுத்து ஒட்டிய மாதிரி நேராக இருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல்காரர் மாதிரி நின்றார். தலைவர் ஆரம்பித்து வைத்துவிட்டார், இனிச் சனம் வரிசையாக வந்து ஒட்டும், என் ஒன்றால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நினைத்த வேகத்தில் யானைக்குக் கீழே ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகும் அந்த இடத்தை விட்டு வர மனமில்லை.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. யானைப் படத்துக்குக் கீழே இடமில்லாமல் பொட்டுக்கு மேல் பொட்டு ஒட்டியிருந்தது. பாதிப் படங்களுக்கு ஒன்றுகூட இல்லை. பீலிக்கு அந்த ஒன்றுதான். மகள் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள். பிறகு படியிறங்கி, சுவரைப் பார்க்காமல் வேனில் போய் ஏறினாள்.

வேன் டவுனைத் தாண்டும் முன்பே தலைவர் வெடித்துவிட்டார். தலையாட்டினீர்களே, அந்தத் தலை எங்கே போனது, யார் யார் எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்டார். நாத்தனார்தான் ஆரம்பித்தார். எல்லாரும் நம் பிள்ளைக்கு ஒட்டுவார்கள், தான் ஒருத்தி யானைக்கு ஒட்டினால் என்ன என்று நினைத்ததாகச் சொன்னார். அடுத்த சீட்டிலும் அதே கதை, அதற்கடுத்த சீட்டிலும் அதே கதை. ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தனும் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, யானை என்றான். கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய், அந்தக் கடைக்குட்டி ஏன் சிரிக்கிறது, மூட்டை கீழே விழுமா விழாதா என்று வேனுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. தோட்டத்தில் அப்படி ஒரு வாக்குவாதத்தை நான் கேட்டதே இல்லை.

தலைவர் விடவில்லை. "போதும் நிப்பாட்டுங்க. ஒரே ஒரு பொட்டு விழுந்திச்சு. அதுவும் பெத்தவ, இவ ஒட்டுனது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நானா? நீங்க ஒட்டுனதுன்னுல்ல நான் நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருடைய பொட்டும் யானைக்குக் கீழேதான் போயிருந்தது என்று கேட்காமலே தெரிந்தது. கொழுந்தன் பாட்டை நிறுத்தினான்.

மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அழுதிருக்கிறாள், ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அது நான் ஒட்டுனதும்மா. எனக்கும் யானைப் படந்தான் புடிச்சிச்சு. ஆனா நம்ம படத்துல நீங்க எல்லாரும் இருக்கீங்கதானே. ஒரு பொட்டுகூட இல்லாம ஒங்கள எப்பிடி அங்க விட்டுட்டு வர்றது?"

என் வீட்டுக்காரர் முன்னால் திரும்பிக்கொண்டு துவாயால் முகத்தைத் துடைத்தார். எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வளர்ந்த பிள்ளை, கால் நீட்ட இடமில்லை, அப்படியும் எழும்பாமல் தோட்டம் வரை படுத்தே வந்தாள்.