ஆயா சொன்ன "இல்லே"

ஓசூரின் அந்திப்பொழுதில் எனக்கு ஒரே ஒருநாள்தான் நிம்மதி கிடைத்தது. அதுவும் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டதால் வந்த நிம்மதி. அதற்குப் பிறகு எத்தனையோ மாலைகளில் அதே ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கொசுக்கடிதான் மிச்சம்.

அறுபதுகளின் கடைசி அது. கல்யாணமான கையோடு நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இங்கே வந்தேன். கணவர் பெங்களூர் ரோட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். கடற்கரை வெயிலில் வளர்ந்த எனக்கு இந்த ஊர்க் குளிர் ஆகவேயில்லை. தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், அதற்கடுத்த வீட்டில் தமிழ். அந்தத் தமிழும் என் தமிழ் இல்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால் சும்மா தலையாட்டி வைப்பேன். ஊமைப்பெண் என்றே கொஞ்ச நாள் நினைத்திருக்கிறார்கள்.

அந்த வருஷமே அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பிறகு சளியோடு ரத்தம் வந்தது. ஊர்க்கோடியில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பகலெல்லாம் சும்மா இருக்கிற இருமல், பொழுது சாய்ந்தால் ஏறிக்கொள்ளும். அதனால் வெளிச்சம் மங்கத் தொடங்கும்போதே எனக்குப் பயம் தொடங்கிவிடும். தினமும் நான் கஞ்சி கொண்டுபோகிற நேரமும் அதுதான்.

ஒருநாள் போனபோது கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம், "இங்க இருந்தவரு எங்க?" என்று கேட்டேன். வாய் நிறைய வெற்றிலையோடு அவள், "இல்லே, இல்லே" என்று வராந்தாப் பக்கம் முகவாயை நீட்டினாள். நான் முகவாயைப் பார்க்கவில்லை. சொன்னதை மட்டும் கேட்டேன்.

அழுகை வரவில்லை. கஞ்சிக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கால் போன போக்கில் நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் கடைக்காரர்கள் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ராயக்கோட்டையிலிருந்து வந்த தக்காளிக் கூடைகள் பெங்களூர் லாரியில் ஏறின. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மலைக்கோயிலில் விளக்கேற்றினார்கள். ஏரிக்கரைக்கு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது. எனக்குப் பயம் வரவில்லை. அதைக் கவனித்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. இனிமேல் எந்த இருட்டுக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை. வர வேண்டியது வந்துவிட்டது. இந்த ஊர் அழகான ஊர்தான் என்றுகூட அப்போது தோன்றியது. வந்த நாளாக நான் இதை நிமிர்ந்து பார்த்ததேயில்லை.

கரையோரம் டீக்கடை வைத்திருந்த பாய் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏம்மா, நீ ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோற பொண்ணுதானே? இருட்டுற நேரத்துல இங்க என்ன பண்றே?"

"இல்லேன்னுட்டாங்க" என்றேன்.

"யாரு சொன்னா?"

"ஆயா."

"எந்த ஆயா? வெத்தல போடுமே, அதுவா? அய்ய, அது கன்னடத்துப் பொம்பளம்மா. அவங்க பேச்சுல 'இல்லே'ன்னா 'இங்கயேதான்'னு அர்த்தம். ஓடு, மொதல்ல போய்ப் பாரு."

ஓடினேன். வழியில் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்து சேர்ந்தது. வழக்கமான அதே பயம், விட்ட இடத்திலிருந்து.

காற்றோட்டத்துக்காக அவரை வராந்தாவுக்கு மாற்றியிருந்தார்கள். "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். பஸ் வரவில்லை என்றேன். நான் தினமும் நடந்துதான் வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஆறிய கஞ்சியைக் குடித்தார்.

மறுநாள் ஆயாவிடம் ஜாடையிலேயே நடந்ததைச் சொன்னேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளிடம் நான் கன்னடம் பொறுக்கினேன், என்னிடம் அவள் தமிழ் பொறுக்கினாள். தினமும் நான் படியேறும்போது அவளைப் பார்த்து, "இல்லேயா?" என்பேன். "இல்லே, இல்லே" என்று வராந்தாவைக் காட்டுவாள். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு மாலை ஆயா எனக்காக வாசற்படியிலேயே காத்துக்கொண்டிருந்தாள். வாயில் வெற்றிலை இல்லை. நான் கேட்பதற்குள், "இல்லே" என்றாள்.

அவள் எனக்காகத் தமிழில் சொன்னாள். நான் கன்னடத்தில் கேட்டுக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டி வராந்தாவுக்குப் போனேன். போர்வையை முகத்தை மூடி இழுத்துவிட்டிருந்தார்கள். குளிருக்காக என்று நினைத்தேன். கேரியரைத் திறந்து கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

"எழுந்திருங்க," என்றேன். "இன்னிக்குச் சூடா கொண்டாந்திருக்கேன்."