பிளஸ் டூ கணிதம் போதும்

நான் பொய் எழுதினேன். பார்க்காததைப் பார்த்ததாகவும் புரியாததைப் புரிந்ததாகவும் எழுதினேன். அதை நம்பிய ஒரு பெண் தன்னையே மக்கு என்று முடிவு கட்டிக்கொண்டாள்... நான் வாயைத் திறக்கவில்லை!

வெளியே விசாரித்தால் என்னை நல்லவன் என்றுதான் உங்களுக்குச் சொல்வார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பொறியாளன் நான். நேரில் போய்ப் பார்க்காமல் சோதனைத் தாளில் ஒருநாளும் டிக் போட்டதில்லை. "சார் டிக் போட்டா ஆண்டவனே கையெழுத்துப் போட்ட மாதிரி" என்று ஷிப்ட் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயர் எனக்குத் தலைக்கேறியிருந்தது.

இரண்டாயிரத்துப் பதினெட்டு வாக்கில், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசகசாலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு பட்டியல் கேட்டார்கள். குவாண்டம் கம்ப்யூட்டிங் கற்றுக்கொள்ள இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் எது தேறும், எது தேறாது என்று நான் சலித்துத் தரவேண்டும். டீக்கடையில் அதைப் பற்றி அதிகம் அளந்தவன் நான்தானே!

பத்து இணையதளங்களை எடுத்துக் கட்டம் போட்டேன். எவ்வளவு கணிதம் வேண்டும், பயிற்சிக் கணக்கு உண்டா, சந்தேகம் கேட்க இடம் உண்டா... ஒவ்வொன்றிலும் முதல் காணொளியோடு சரி. சந்தேகப் பகுதி இருந்தால் டிக். அங்கே கேட்டவர்களுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்தேனா? இல்லை!

ஒன்றில் மட்டும் ஆசையோடு உட்கார்ந்தேன். மூன்றாவது பாடத்தில் கல்லூரிக் கணிதம் வந்து நின்றது. உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் போய்க்கொண்டே இருந்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூடிவிட்டேன். மூடிவிட்டு, அதற்கு நேரே எழுதினேன்: 'பிளஸ் டூ கணிதம் போதும். முதலில் இதைப் படிக்கவும்.'

ஏன் அப்படி எழுதினேன்? எனக்கே புரியவில்லை என்று எழுதக் கை கூசியது. அவ்வளவுதான்... வேறு காரணம் சொன்னால் அதுவும் பொய்.

என் பிரிவில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்த தனசேகரின் மகள் கவிதா. குறிஞ்சிப்பாடியிலிருந்து கல்லூரிக்குப் போய், இயற்பியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்சி. சேரவேண்டும், குவாண்டம் படிக்கவேண்டும் என்பது அவள் கனவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், கையில் என் பட்டியலின் நகல்.

"சார், பிளஸ் டூ கணக்கு போதும்னு போட்டிருக்கீங்க. மூணாவது பாடம் எனக்கு ஏறவே மாட்டேங்குதுங்க. சந்தேகம் கேட்டுப் பார்த்தேன், யாரும் பதில் போடல. நாலு வாட்டி பார்த்துட்டேன் சார்..."

அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்கலாம். 'எனக்கும் அங்கேதானம்மா நின்றுபோனது' என்று ஒரே ஒரு வரி! சொன்னேனா?

"பொறுமையா பாரும்மா. எல்லாருக்கும் புரியுதே."

"எல்லாருக்குமா சார்?"

"ம்" என்றேன்.

அவள் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சில வாரம் கழித்துத் தனசேகர் சொன்னார். "எம்மெஸ்சிக்கு எழுதி வச்ச விண்ணப்பத்த பொண்ணு அனுப்பவே இல்லீங்க சார். பிளஸ் டூ படிச்சவங்களுக்கே புரியற பாடம் தனக்குப் புரியலையாம். வூட்டுல அதையே சொல்லி அழுதுகினு கெடந்துச்சு. போவட்டும், நீங்களும் உங்களால ஆனத செஞ்சீங்க." கையெடுத்துக் கும்பிட்டார். நான்... அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்!

பட்டியலை அன்றே போய்த் திருத்தினேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. திருத்தினால் ஏன் என்று கேட்பார்களே! மழையில் நனைந்து கிழியும்வரை அது வாசகசாலை வாசல் பலகையில் அப்படியே தொங்கியது.

அடுத்த வருடம் வடலூரில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் கவிதா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள்:

"எங்க அப்பாவோட சாரு. குவாண்டம்லாம் அவருக்கு அத்துப்படி. நமக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். துணிப்பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.