தங்கைக்கு வந்த லத்தீன் பேர்

என் தங்கைக்குப் பேர் வைத்த அன்று நடந்த கூத்தை எங்கள் தேயிலைத் தோட்டமே பல நாள் சொல்லிச் சிரித்தது. எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் காதில் பேரைச் சொல்லும் உரிமை தாய்மாமனுக்கு. அம்மா 'முத்துமாரி' என்று முடிவு செய்திருந்தார். மாமாவோ வேறு முடிவோடு வந்தார்.

மாமாவுக்குத் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை. ஒவ்வொரு செடியின் அடியிலும் துரைசாணி தகரத்தில் அதன் பேரை எழுதி நட்டிருப்பார். மலை உச்சியில் சிவப்பாகப் பூக்கிற ஒரு மரத்தைக் கன்றாகக் கொண்டுவந்து வளர்த்தவர் மாமாதான். அதன் தகரத்தில் இருந்த கடைசிச் சொல் அவருக்குப் பிடித்துப்போனது. படிக்கத் தெரியாது, தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் அப்படியே வரைந்து தூக்கிவந்துவிட்டார்.

விருந்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் பலகையைப் பார்த்தார்.

"செய்லானிக்கம். லத்தீன். இது பேரில்லை, பேரோட சேர்ந்து வாற அடைமொழி. இலங்கைக்குரியது எண்டு அர்த்தம். பொம்பிளைப் பிள்ளையெண்டா செய்லானிக்கா எண்டுதான் சொல்லவேணும்."

அப்பாவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "அடைமொழி கெடச்சிருச்சு. பேர எங்க மச்சான் போயித் தேடுறது?"

வரிசை வீடுகளான எங்கள் லயமே சிரித்தது. அதுவரை விளையாட்டாக இருந்த மாமா மட்டும் சிரிக்கவில்லை. இந்திய வம்சாவளி என்று சொல்லி, இலங்கை அரசாங்கம் சட்டம் போட்டுத் தோட்டத்து ஜனங்களின் குடியுரிமையைப் பறித்திருந்த காலம் அது.

"நம்மள எல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறச் சொல்றாங்கக்கா. இவ ஒருத்தியாவது இந்த நாட்டுக்காரின்னு பேரு சொல்லட்டும்" என்றார்.

அம்மா பிள்ளையை மாமாவின் மடியில் வைத்தார். "முத்துமாரியோட சேத்தே சொல்லு தம்பி. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. நானும் அதே ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள்தானே? காதை நீட்டிக்கொண்டு மாமா முன்னால் போய் நின்றேன். அவர் தயங்கவேயில்லை; என் பேரோடும் அதைச் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாலை லயத்து வாசல் ஒவ்வொன்றிலும் ஏறி, நான் இலங்கைக்காரி என்று சொல்லித் திரிந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பெரியவர்கள் கன்னத்தைத் தடவினார்கள், கையில் முறுக்குக் கொடுத்தார்கள். ஒருவர்கூட 'நானுந்தான்' என்று சொல்லவில்லை. இவர்களுக்கும் என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.