மஞ்சள் விரலும் நீல வெளிச்சமும்

2009இல் நான் லண்டனில் ஆய்வு மாணவி. என் வேலையைச் சொன்னால் ஹரோ பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் என் கணவர் சிரிப்பார். இரண்டு கிராபைட் கம்பிகளை உப்புத் தண்ணீரில் நிறுத்தி மின்சாரம் விடுவேன். கம்பி உதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கார்பன் துணுக்குகளாகத் தண்ணீரில் கலக்கும். புற ஊதா விளக்கைப் பிடித்தால் அவை ஒளிர வேண்டும். என்னுடையவை மாதக்கணக்காக ஒளிரவில்லை.

“கரியிலை வெளிச்சம் தேடுறீர்,” என்பார் அவர்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒளியைக் காட்டாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். எனக்கோ அந்தக் கரியின் மேல் பைத்தியம். விட மனம் வரவில்லை.

வியாழன் மத்தியானம் தண்ணீர் கடும் தேத்தண்ணிபோலக் கறுத்திருந்தது. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கையால் அள்ளி வாயில் போட்டுவிட்டு ஓடிவந்தேன். கையுறை மாட்டக்கூடப் பொறுமையில்லை. கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கைப் பிடித்தால், பச்சை கலந்த மஞ்சளாக மின்னியது! நான் போட்ட கூச்சலில் அடுத்த மேசை அண்ணை எழும்பி வந்தார். சுவிசிலிருந்து லண்டன் வந்த யாழ்ப்பாணத்து ஆள். கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேட்பார்.

“வெறும் தண்ணியையும் ஒருக்காப் பிடிச்சுப் பாருமன்.”

இன்னொரு கண்ணாடிக் குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றி விளக்கில் காட்டினேன். அதுவும் மின்னியது.

“தங்கச்சி, உம்மடை விரலைப் பாரும்!”

விரல் நுனியெல்லாம் அதே மினுக்கம். சொதியில் போட்ட மஞ்சள்! அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனுசனைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது.

கையைத் தேய்த்துக் கழுவினேன். குழாயிலிருந்ததைக் கழிவுப் போத்தலில் கொட்டி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, உள்ளே தண்ணீர் விட்டு ஆத்திரத்தோடு குலுக்கினேன். அடியில் மிஞ்சியிருந்த கரிச்சாயம் வெளிறிக் கலந்தது. விளக்கை நான் அணைத்திருக்கவில்லை. குழாய் அதன் முன்னால் வந்ததும், உள்ளே நீலம். நல்ல தெளிந்த நீலம்.

“அண்ணை, இஞ்சை வாங்கோ!”

இந்த முறை புதுக் குழாயில் வெறும் தண்ணீரை முதலில் பிடித்தேன். இருட்டு. மற்றதைப் பிடித்தேன். நீலம். இவ்வளவு மாதமும் கரிச்சாயம் மிகக் கடுமையாக இருந்ததால் வெளிச்சம் உள்ளேயே அமுங்கிக் கிடந்திருக்கிறது. தண்ணீர் விட்டு ஐதாக்கியிருந்தால் போதும்.

“ஓம், இது உம்மடை கரிதான்,” என்றார் அண்ணை, சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை அண்ணையும் கூட வந்தார். பேராசிரியை அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, இன்னும் எத்தனை கம்பி வாங்க வேண்டும் என்று கேட்டார்.

நான் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன். அதற்குள் அண்ணை எனக்காக, “ஒரு பெட்டி நிறைய” என்றார்.